மூன்று விரல் உப்பு, ஒரு கை வெல்லம்

நடுராத்திரி மணி இரண்டு. உங்கள் ஒன்றரை வயதுக் குழந்தை ஐந்தாவது தடவையாகத் தண்ணீராகவே போய்விட்டது. துடைத்து, துணி மாற்றி, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குழந்தை தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக் கையை நீட்டுகிறது. நீங்கள் டம்ளரை எடுக்கிறீர்கள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பாட்டி எழுந்து வருவார்.

"என்னடி பண்றே? தண்ணியைக் குடுக்காதே. குடுக்கக் குடுக்கப் போய்க்கிட்டேதான் இருக்கும். வயித்தைக் காயப்போடு, தானா நிக்கும்!"

பாட்டி சொல்வதில் ஒரு லாஜிக் இருக்கத்தான் செய்கிறது. மாடியில் குழாய் ஒழுகினால் என்ன செய்கிறோம்? தொட்டியின் வால்வை மூடுகிறோம். மேலே தண்ணீர் இல்லையென்றால் கீழே எப்படி ஒழுகும்?

குழந்தை குழாய் இல்லை என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல்.

அதற்காகப் பாட்டியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது என்றும் நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்ன இதே யோசனையை, கோட்டும் டையும் போட்ட பெரிய பெரிய டாக்டர்களும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்' என்று அதற்குக் கௌரவமாக ஒரு பெயர் வேறு. ஓய்வு கொடுத்தார்கள். குழந்தைகள் ஒரேயடியாக ஓய்ந்துபோனார்கள். 1980 வாக்கில்கூட உலகம் முழுக்க வருடத்துக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தார்கள்.

அதைத் தடுக்கும் மருந்து எங்கே இருந்தது தெரியுமா? அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில். உப்பு, சர்க்கரை, தண்ணீர். அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றையும் எந்த அளவில் சேர்ப்பது என்ற விஷயம் சமையலறைக்கு வந்து சேர ஏறக்குறைய நூற்றைம்பது வருடங்கள் ஆயின. அந்தக் கதைதான் இது.

*

'பேதியில போறவனே!' என்று கிராமத்தில் திட்டுவார்கள். கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நமக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு காலத்தில் அது சிரிக்கிற வார்த்தை இல்லை. காலையில் ஏர் பிடித்தவன் சாயங்காலம் பாடையில் போவான். ஊரே காலியாகும். வாந்திபேதி என்று நாம் சொன்ன காலரா, 1817ல் வங்காளத்திலிருந்து கிளம்பி, ஒவ்வொரு அலையாக உலகத்தையே சுற்றி வந்தது.

1831ல் அது இங்கிலாந்தின் சண்டர்லாண்ட் துறைமுகத்தில் கரை இறங்கியது. அப்போது வில்லியம் ஓ'ஷானெஸி என்று ஓர் இளம் டாக்டர். இருபத்திரண்டு வயதுதான். (பிற்பாடு இந்தியாவுக்கு வந்து இந்த நாட்டுக்குத் தந்திக் கம்பி போட்டாரே, அதே ஆசாமிதான்!) காலரா நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தார். ரத்தம் தார் மாதிரி கெட்டியாக இருந்தது. அதில் இருக்க வேண்டிய தண்ணீரும் இல்லை, உப்பும் இல்லை. இரண்டும் குடல் வழியாக வெளியே போயிருந்தன.

விஷயம் புரிந்துவிட்டது பாருங்கள். மனிதனைக் கொல்வது கிருமி மட்டும் இல்லை, வறட்சி. போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் ஆள் பிழைப்பான்.

அடுத்த வருடமே, 1832ல், ஸ்காட்லாந்தில் லீத் என்ற ஊரின் டாக்டர் தாமஸ் லாட்டா அதைச் செய்தும் காட்டினார். சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் நரம்பில் உப்புத் தண்ணீரை ஏற்றினார். சுமார் மூன்று லிட்டர் உள்ளே போனதும் குழி விழுந்த கண்கள் நிமிர்ந்தன, நாடி திரும்பியது. களைத்துப்போயிருந்த லாட்டா, இனி பயமில்லை என்று நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். பேதி தொடர்ந்தது. யாரும் மறுபடி தண்ணீர் ஏற்றவில்லை. சில மணி நேரத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார்.

ஒரு தடவை கொடுத்தால் போதாது, போகப் போகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பாடம் அன்றைக்கே அங்கே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. லாட்டாவும் மறுவருடமே காலமானார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்தச் சிகிச்சையை உலகம் கிட்டத்தட்ட மறந்தே போனது.

இருபதாம் நூற்றாண்டில் 'ட்ரிப்ஸ்' மறுபடி வந்தது. உயிர்களையும் காப்பாற்றியது. ஆனால் ட்ரிப்ஸ் ஏற்ற ஆஸ்பத்திரி வேண்டும், சுத்தமான பாட்டில் வேண்டும், ஊசி வேண்டும், நரம்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். வாந்திபேதி வருகிற ஊரில் இந்த நாலில் ஒன்றாவது இருக்குமா?

நரம்பு வழியாக வேண்டாம், வாய் வழியாகவே கொடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. உப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்தது அப்படியே கீழே போனது. பேதி இன்னும் அதிகமானது. பார்த்தீர்களா, பாட்டி கட்சி ஜெயித்துவிட்டது!

*

1953. கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்று ஒரு டாக்டர். காலரா நோயாளிகளுக்கு அவர் வெறும் உப்புத் தண்ணீர் கொடுக்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 4 கிராம் உப்பு, கூடவே 25 கிராம் குளுக்கோஸ். வாந்தியை நிறுத்த ஒரு மருந்து. பேதிக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? கற்பூரவல்லிச் சாறு! நம் வீட்டுத் தொட்டியில் இருக்குமே, சளிக்குப் பிழிந்து கொடுப்போமே, அதேதான். நோய் மிக முற்றிப்போகாத 186 பேருக்குக் கொடுத்தார். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

லண்டனின் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் அவர் கட்டுரை வெளிவந்தது. அதற்குப் பிறகு? ஒன்றும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லையே, உள்ளே எவ்வளவு போனது வெளியே எவ்வளவு வந்தது என்ற கணக்கு இல்லையே என்பதெல்லாம் காரணமாகப் பிற்பாடு சொல்லப்பட்டன. நியாயமான கேள்விகள்தான். ஆனால் கேள்வி கேட்டவர்கள் யாராவது ஒருவர் கல்கத்தாவுக்குக் கிளம்பிப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

சாட்டர்ஜியின் கரைசல் ஏன் வேலை செய்தது என்பதற்குப் பதில் 1960ல்தான் கிடைத்தது. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி பிராக் நகரத்துக் கூட்டம் ஒன்றில் அதைச் சொன்னார்.

கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு கண்டிப்பான காவலாளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடுவேன்' என்கிறார். குடலின் சுவரில் இருக்கும் ஒரு வாசல் அப்படிப்பட்டது. உப்பும் குளுக்கோஸும் கைகோத்து வந்தால் இரண்டையும் உள்ளே விடும். அவை உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். கல்யாணத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் போனால் சொந்தக்காரர் கூட்டம் பின்னால் போகாதா?

இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. காலரா விஷம் குடலின் மற்ற வாசல்களில் எல்லாம் அட்டகாசம் பண்ணும். இந்த ஜோடி வாசலை மட்டும் அதனால் மூட முடியாது. பேதி போய்க்கொண்டிருக்கும்போதே இந்த வாசல் திறந்துதான் இருக்கிறது. பேதி உடனே நிற்காது. ஆனால் வெளியே போவதற்கு ஈடாக உள்ளேயும் போய்க்கொண்டிருந்தால் உயிர் போகாது. நோய் தன் நாளை முடித்துக்கொண்டு தானே போகும்.

1962ல் அமெரிக்கக் கடற்படை டாக்டர் ராபர்ட் ஃபிலிப்ஸ், மணிலாவில் இதை முயன்று பார்த்தார். ஆரம்பம் நம்பிக்கையாக இருந்தது. அடுத்த சோதனையில் கரைசலும் அளவும் சரியாக அமையவில்லை. நோயாளிகள் சிலர் இறந்தார்கள். மனிதர் மனம் உடைந்து ஒதுங்கிவிட்டார். அளவு முக்கியம். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

1968ல், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில், அதே ஃபிலிப்ஸின் கீழ் வேலை பார்த்த இரண்டு அமெரிக்க இளைஞர்கள் விடவில்லை. டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ். இருவருக்கும் அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. உள்ளூர் டாக்டர்களான ரஃபிகுல் இஸ்லாமும் மஜீத் மொல்லாவும் கூட இருந்தார்கள். கட்டிலின் நடுவில் ஓட்டை, அதன் கீழே ஒரு வாளி. வாளியில் எவ்வளவு விழுந்தது என்று ராப்பகலாக அளந்தார்கள். விழுந்ததற்கு ஈடாகக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். அசிங்கம் பார்க்காமல் அளந்த அந்த வாளிதான் சரித்திரத்தை மாற்றியது. ட்ரிப்ஸ் தேவை 80 சதவிகிதம் குறைந்தது.

ஆஸ்பத்திரியில் நிரூபித்தாகிவிட்டது. சரி, ஆஸ்பத்திரியே இல்லாத இடத்தில்?

*

1971. வங்கதேச விடுதலைப் போர். சுமார் ஒரு கோடி பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வருகிறார்கள். கல்கத்தாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் எல்லை ஊர் பொன்காவ். அங்கே மட்டும் மூன்றரை லட்சம் அகதிகள். மழைக்காலம். கூடாரங்கள், சாலையோரம், சேறு. காலராவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கல்கத்தாவிலிருந்து போனார் குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ். பொன்காவ் ஆஸ்பத்திரியில் காலராவுக்கென்று இரண்டே அறைகள். கட்டில்கள் நிரம்பித் தரையெல்லாம் நோயாளிகள். வாந்தியிலும் மலத்திலும் மண்டி போட்டுத்தான் ஒருவருக்கு ஊசி குத்த முடியும். இரண்டு நாளில் அவருக்குப் புரிந்துவிட்டது. ட்ரிப்ஸ் பாட்டில் தீரப்போகிறது. ஏற்றத் தெரிந்தவர்களும் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். இந்தப் போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

அப்போது அவர் எடுத்த முடிவு இருக்கிறதே, அதற்கு நிஜமான தைரியம் வேண்டும். டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் நின்று அளந்து கொடுக்க வேண்டிய கரைசலை, நோயாளியின் அம்மா, அக்கா, மாமா கையில் கொடுத்துவிடுவது! படிக்காதவர்கள், அகதிகள், பயந்துபோனவர்கள். தப்பாகக் கொடுத்துவிட்டால்? அன்றைய மருத்துவ உலகம் இதை ஒப்புக்கொண்டிருக்காது. ஆனால் ஒப்புதலுக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையத்தின் நூலக அறையே தொழிற்சாலை ஆனது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. எடை போட்டு பாலிதீன் பையில் நிரப்பினார்கள். பையின் வாயை எப்படி ஒட்டுவது? இஸ்திரிப் பெட்டியால்! அதைப் பொன்காவுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் கலந்து, குழாய் வைத்த டிரம்களில் ஊற்றிவைத்தார்கள். ஆளுக்கொரு குவளை. 'பிடித்துக் கொடுங்கள், தாகம் தீரும்வரை கொடுங்கள்.' செலவு லிட்டருக்குப் பதினோரு பைசா.

அகதி முகாம்களில் காலரா வந்தவர்களில் 100க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். மஹலனாபிஸின் பராமரிப்பில் இருந்தவர்களில் அது 3.6 ஆகக் குறைந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா நேரில் வந்து பார்த்தார். அசந்துபோனார். பிறகு உலகம் முழுக்க இதற்காக வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். 1970களின் கடைசியில், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இதுவே இருக்கக்கூடும் என்று 'லான்செட்' தலையங்கம் எழுதியது. சாட்டர்ஜியின் கட்டுரையை 1953ல் வெளியிட்ட அதே பத்திரிகைதான்!

*

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாக்கெட் வந்துவிட்டது. பாக்கெட்டே போய்ச் சேராத கிராமத்தில் என்ன செய்வது? வங்கதேசத்தில் அப்போது அப்படிப்பட்ட கிராமங்கள்தான் அதிகம்.

அங்கே ஃபசலே ஹசன் ஆபெத் என்பவர் 'ப்ராக்' என்ற தொண்டு நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். அடிப்படையில் கணக்காளர். எண்ணெய்க் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். அவர் சொன்னது இதுதான்: பாக்கெட் வேண்டாம், அம்மாக்களின் விரலையே தராசு ஆக்கிவிடுவோம்.

மூன்று விரலால் அள்ளுகிற ஒரு சிட்டிகை உப்பு, அதுவும் ஆள்காட்டி விரலின் முதல் ரேகை வரை. ஒரு கை வெல்லம். அரை சேர் தண்ணீர், அதாவது சுமார் அரை லிட்டர். வங்காளியில் 'லொபொன் குர்'. உப்பு வெல்லம் என்று அர்த்தம். சர்க்கரை வாங்க முடியாத வீட்டிலும் வெல்லம் இருக்கும்.

1979ல் சோதனையாகத் தொடங்கி, 1980லிருந்து ஊர் ஊராகக் கிளம்பினார்கள். ஒரு குழுவில் பதினான்கு இளம்பெண்கள், ஒரு சமையல்காரர், ஓர் ஆண் மேற்பார்வையாளர். நடந்துதான் போக வேண்டும். வீடு வீடாக உட்கார்ந்து ஒவ்வொரு அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். போஸ்டர் ஒட்டிவிட்டு வந்தால் ஆகாது, ஒலிபெருக்கியில் கத்திவிட்டு வந்தாலும் ஆகாது.

இங்கேதான் கணக்காளரின் மூளை வேலை செய்தது. சில வாரம் கழித்து இன்னொரு குழு போகும். சொல்லிக்கொடுத்த வீடுகளில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து, 'அம்மா, சொல்லுங்க பாப்போம், கலந்து காட்டுங்க பாப்போம்' என்று கேட்கும். அம்மாக்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம்! மாணவனுக்கு மார்க் வந்தால்தான் வாத்தியாருக்குச் சம்பளம் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

ஒரு நாளைக்கு இருபது வீடு போனால் மனதில் நிற்கவில்லை என்று தெரிந்தது. பத்தாகக் குறைத்தார்கள். கலந்து காட்டினால் மறந்துபோகிறது, அம்மாவையே கலக்கவைத்தால் மறப்பதில்லை என்று தெரிந்தது. அப்படியே செய்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் அதிர்ச்சி. அம்மாக்கள் பரீட்சையில் பிரமாதமாகப் பாஸ் செய்தார்கள். ஆனால் தன் குழந்தைக்கு நிஜமாகவே பேதி வந்தபோது அதைக் கலந்து கொடுத்தவர்கள் மிகச் சிலரே!

ஏன் என்று விசாரித்தார்கள். இரண்டு விஷயம் வெளியே வந்தது. முதலாவது, சொல்லிக்கொடுத்த பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. 'உங்களுக்குப் பேதி வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால், 'மாத்திரை போடுவோம்' என்றார்கள். ஊருக்குத்தான் உபதேசம்! இரண்டாவது, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை. ராத்திரி குழந்தைக்கு முடியவில்லை என்றால் என்ன கொடுப்பது என்று அங்கே அம்மா மட்டும் முடிவு செய்வதில்லை. மாமியார், கணவர், ஊர்ப் பெரியவர்... நம் ஊர்க் கதை மாதிரியே இல்லை?

ஊழியர்களுக்குக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று புரியவைத்தார்கள். தங்களுக்குப் பேதி வந்தால் முதலில் அதையே குடிக்கச் சொன்னார்கள். ஊருக்குள் நுழைந்ததும் பேதி கண்ட குழந்தையைத் தேடிப்போய், எல்லார் கண் முன்னாலும் கொடுத்துப் பிழைக்கவைத்துக் காட்டினார்கள். சந்தையிலும் மசூதியிலும் ஆண்களிடம் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

பத்து வருடத்தில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 1980க்கும் 2005க்கும் இடையில் வங்கதேசத்தில் பேதியால் குழந்தைகள் இறப்பது 80 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது.

யோசித்துப் பாருங்கள். ஓ'ஷானெஸிக்கு 1831லேயே நோயின் சூட்சுமம் தெரிந்துவிட்டது. 1968ல் மருந்தின் அளவு தெரிந்துவிட்டது. தெரிந்தது மட்டும் ஊர் பூராவையும் காப்பாற்றிவிடவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, 'உன்னால முடியும், கலந்து பாரு' என்று சொன்ன பிறகுதான் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள்.

*

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மணி இன்னும் இரண்டுதான். குழந்தை இன்னும் தோளில்தான் இருக்கிறது.

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை. அதன் உடம்பிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் போனால் உயிருக்கு ஆபத்து. ஒரு லிட்டர் என்பது ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான். அதனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் தடவை போனதிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள்.

வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு எப்போதும் இருக்கட்டும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டையும் முழு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கக் கூடாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக இருந்தால் நல்லது. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஒவ்வொரு தடவை போன பிறகும், இரண்டு வயதுக்குக் கீழே என்றால் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர், பெரிய குழந்தைக்கு அரையிலிருந்து ஒரு டம்ளர். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள்.

பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. 'இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டால் சீக்கிரம் குணமாகும்' என்று நினைக்காதீர்கள். மணிலாவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அளவு முக்கியம். அதிக உப்பு குழந்தைக்கு விஷம். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் தாய்ப்பாலைக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் கிளம்பிவிடுங்கள்.

கலர் கலராகப் பெட்டியில் வரும் இனிப்புத் தண்ணீர் எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது. வெறும் குளுக்கோஸ் பவுடரும் ஆகாது. ஜோடியில் ஓர் ஆள் குறைந்தால் காவலாளி விடமாட்டார், ஞாபகம் இருக்கிறதில்லையா? சர்க்கரை அதிகமானால் பேதியும் அதிகமாகும். சரியான அளவில் இல்லாத பானங்களின் மேல் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்டு விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று பாக்கெட்டில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வயிற்றைக் காயப்போடாதீர்கள். தாய்ப்பால் நிற்கவே கூடாது. சாப்பிடுகிற குழந்தைக்குக் குழைந்த சாதம், தயிர், இட்லி, வாழைப்பழம் என்று வழக்கமான சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரண்டு வாரம் வரை துத்தநாக மாத்திரையும் உண்டு. டாக்டரிடம் கேட்டு வாங்கி, பேதி நின்ற பிறகும் நாளை முடியுங்கள். பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் பேதி நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்கு உடைத்துக் கொடுக்கவே வேண்டாம்.

கண் குழி விழுகிறது, குடிக்க மாட்டேன் என்கிறது, துவண்டு கிடக்கிறது, ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லை, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி... இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. போகிற வழியிலும் ஸ்பூன் நிற்கக் கூடாது.

இந்தியாவில் 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பேதி வந்த குழந்தைகளில் 100க்கு 61 பேருக்குத்தான் இந்தக் கரைசல் கிடைத்திருக்கிறது. மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் கல்கத்தாவில் காலமானார். அடுத்த வருடம் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் மீதி 39 பேரின் வீட்டுக்கு விருது போய்ச் சேராது. ஸ்பூன்தான் போய்ச் சேர வேண்டும்.

பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறீர்களா? சண்டை போடாதீர்கள். 'ப்ராக்' பெண்கள் செய்ததைச் செய்யுங்கள். உப்பையும் சர்க்கரையையும் அளந்து அவரையே கலக்கச் சொல்லுங்கள். கலந்ததும் ஒரு துளி நாக்கில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. இருந்தால் கீழே கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும்.

கண்ணீரின் உப்பு எவ்வளவு என்று பாட்டிகளுக்குத் தெரியும். அவர்கள் காலத்தில் எத்தனையோ வீடுகளில் அது தெரிந்துதான் இருந்தது.